கர்ப்பகாலத்தில் ராத்திரி கை மரப்பு: ஸ்ப்ளிண்ட் கோணம், தூக்கம், மருந்து, சமையலறை

பூவேலி | இழை தொடக்கம்

"எட்டாம் மாசம். ரெண்டு கையும் ராத்திரி ரெண்டு மணிக்கு மரத்துப்போய் எழுப்பி விடுது. உதறினா சரியாகுது. விடிஞ்சா டம்ளர் பிடிக்க வரலை." இந்த மாதிரிக் கேள்வி இங்கே வந்துகிட்டே இருக்கு. பதில் எப்பவும் ஒரே வரிதான்: "பிரசவம் ஆனா போயிடும்." போகும்தான். அதுவரைக்கும் தூங்க வேண்டாமா?

சொந்த அனுபவம் எழுத வேற இழை இருக்கு. இங்கே வேலை தெரிஞ்சவங்க மட்டும், அளவோட, காரணத்தோட எழுதுங்க. முதல்ல, இது கார்ப்பல் டனல்தான்னு, அதாவது மணிக்கட்டுக் குகைக்குள்ள நரம்பு நசுங்கற நோய்தான்னு, வீட்டிலேயே எப்படித் தெரிஞ்சுக்கிறது?

வெண்பலகை (இயன்முறை மருத்துவம்)

சுண்டுவிரலைக் கேளுங்க. பெருவிரல், ஆள்காட்டி, நடுவிரல், மோதிர விரலில் நடுவிரல் பக்கத்துப் பாதி, இவ்வளவும் மரக்குது, சுண்டுவிரல் மட்டும் சுகமா இருக்குன்னா சந்தேகம் அந்தக் குகை வழியாப் போற மீடியன் நரம்பு மேல. "அஞ்சு விரலும்தான் மரக்குது"ன்னு சொல்றவங்களை, மரக்கும்போதே ஒவ்வொரு விரல் நுனியையும் தனித்தனியாத் தொட்டுப் பார்க்கச் சொல்லணும். பாதிப் பேர் சுண்டுவிரலைச் சேர்த்துச் சொன்னது பழக்கத்தில்தான்னு தெரியும்.

இன்னொரு அடையாளம் உள்ளங்கையில் இருக்கு. விரல் மரத்தாலும் பெருவிரல் அடிச்சதை மேல் தோலில் உணர்வு இருக்கும். அந்தத் தோலுக்குப் போற கிளை, மணிக்கட்டுக் குகைக்குள் நுழையறதுக்கு முன்னாடியே பிரிஞ்சிடுது. அங்கேயும் சேர்த்து மரத்தா பிரச்சினை இன்னும் மேலே, முழங்கையிலோ கழுத்திலோ இருக்கலாம். கழுத்தைத் திருப்பினா கைக்குள் கரண்ட் ஓடுதுன்னாலும் கழுத்தைப் பாருங்க. சுண்டுவிரல் பக்கம்தான் மரப்புன்னா அது அல்நார் நரம்பு, வேற கதை.

வீட்டில் செய்யக்கூடிய சோதனை ஒண்ணு: ரெண்டு புறங்கையையும் ஒண்ணோட ஒண்ணு சேர்த்து, விரல்கள் தரையைப் பார்க்க, மணிக்கட்டு தானா மடங்கற அளவுக்கு 60 வினாடி வச்சுக்கணும். அழுத்தித் தள்ளக் கூடாது. அந்த ஒரு நிமிஷத்துக்குள்ளே அதே விரல்களில் எறும்பு ஊர்ற மாதிரி வந்தா சந்தேகம் பலமாகுது. வரலைன்னா இல்லைன்னு அர்த்தம் இல்லை.

பூவேலி

ராத்திரியில் மட்டும் ஏன் அவ்வளவு? பகல்ல வேலை செய்யற கைக்குத்தானே வலிக்கணும்?

கைரேகை (கை அறுவை சிகிச்சை)

மணிக்கட்டின் உள்பக்கம் அடியிலும் பக்கத்திலும் எலும்பு, மேலே இறுக்கமான ஒரு தசைநார்ப் பட்டை. அந்தக் குகைக்குள் விரல்களை மடக்கும் 9 தசைநாண்களும் மீடியன் நரம்பும் போகின்றன. குகை விரியாது. கர்ப்பத்தில் உடம்பில் நீர் கோர்க்கும்போது தசைநாண்களைச் சுற்றிய உறையும் ஊறும். உள்ளே இருப்பதில் மெத்தென்றது நரம்புதான், அதனால் நசுங்குவதும் அதுதான்.

1981-ல் கை அறுவை மருத்துவர் கெல்பர்மேன் குழுவினர் குகைக்குள் மெல்லிய குழாய் செலுத்தி அளந்தார்கள். நல்ல கையில் அழுத்தம் சராசரி 2.5 மி.மீ. பாதரசம், நோயுள்ள கையில் 32. மணிக்கட்டை முழுக்க உள்ளே மடக்கியபோது நோயுள்ள கையில் 94, பின்னால் வளைத்தபோது 110. அளக்கப்பட்டவர்கள் கர்ப்பிணிகள் அல்லர், ஆனால் குகையின் இயல்பு ஒன்றுதான்.

தூக்கத்தில் மணிக்கட்டு தானாக மடங்குகிறது. பகலில் காலில் தேங்கிய நீர், படுத்ததும் உடம்பு முழுக்கப் பரவுகிறது. கையை அசைப்பதும் இல்லை. மூன்றும் ஒரே நேரத்தில் சேர்வதால்தான் ராத்திரி 2 மணி.

மேலே உள்ள எண்களில் ஒன்றைக் கவனியுங்கள். பின்னால் வளைப்பது மடக்குவதைவிட மோசம். மணிக்கட்டு மடங்காமல் இருக்கக் கட்டும் தகடு வைத்த பட்டைதான் ஸ்ப்ளிண்ட். கடையில் கிடைக்கும் பெரும்பாலானவை மணிக்கட்டைப் பின்னால் வளைத்துத்தான் பிடிக்கின்றன.

சின்னமணி

அதையேதான் கேட்க வந்தேன். மெடிக்கல்ல காக்-அப் ஸ்ப்ளிண்ட் வாங்கிப் போட்டவங்க "போட்டா இன்னும் அதிகமா மரக்குது"ன்னு கழட்டி வச்சிடறாங்க. அப்ப காக்-அப்பே தப்பா?

வெண்பலகை

தப்பு ஸ்ப்ளிண்ட்ல இல்லை, அதுக்குள்ள இருக்கற தகட்டில். காக்-அப் பெரும்பாலும் 20 முதல் 30 டிகிரி பின்பக்கம் தூக்கின வளைவோட வருது. எலும்பு முறிவுக்கும் மணிக்கட்டு தொங்கிப் போனவங்களுக்கும் அது சரி. நமக்கு வேண்டியது நேர்க்கோடு, 0 டிகிரி. அதிகபட்சம் 5. 1994-ல் நேர்க்கோட்டையும் 20 டிகிரி வளைவையும் ஒப்பிட்டுப் பார்த்ததில் நேர்க்கோடுதான் ஜெயிச்சது.

புதுசு வாங்க வேண்டியதில்லை. உள்ளங்கைப் பக்கம் ஒரு பை மாதிரித் தையல் இருக்கும். அதில் விரலை விட்டா அலுமினியத் தகடு வெளியே வரும். மேஜை விளிம்பில் வச்சு, மணிக்கட்டு வர்ற இடத்து வளைவை மட்டும் கட்டைவிரலால் அழுத்தி நேராக்குங்க. உள்ளங்கைக் குழிக்குன்னு நுனியில் சின்ன மேடு இருந்தா அதைத் தொடாதீங்க. சுத்தியலால் முழுசும் தட்டிச் சப்பையாக்கினவங்களுக்கு ராத்திரி முழுக்கத் தகடு உள்ளங்கையைக் குத்தும்.

திரும்பச் செருகிப் போட்டுக்கிட்டு, பள்ளிக்கூட ஸ்கேல் ஒண்ணை முன்கையின் மேல்பக்கத்திலிருந்து புறங்கை மேல் வைங்க. ஸ்கேல் ரெண்டு பக்கமும் ஒட்டி உட்கார்ந்தா சரி. புறங்கை மேலே தூக்கி ஸ்கேலைத் தள்ளுச்சுன்னா இன்னும் வளைவு மிச்சம் இருக்கு. பக்கவாட்டிலும் பாருங்க: நடுவிரல் முன்கையோட ஒரே கோட்டில் நிற்கணும், சுண்டுவிரல் பக்கம் சாயக் கூடாது.

பொருத்தம் பார்க்க மூணு இடம். உள்ளங்கையில் ஸ்ப்ளிண்ட் முடியற இடம், விரல் மடிப்புக்குக் கீழே இருக்கற ரேகையைத் தாண்டக் கூடாது. போட்டுக்கிட்டே முழு முஷ்டி பிடிக்க வரணும். பெருவிரல் சுத்தமா விடுதலையா இருக்கணும், பெருவிரலையும் சேர்த்துக் கட்டற வகை வேற நோய்க்கானது. வெல்க்ரோ பட்டைக்கு அடியில் ஒரு விரல் நுழையணும். மணிக்கட்டு ரேகைக்கு நேர் மேல இருக்கற பட்டைதான் எல்லாரும் இறுக்கற பட்டை. அதை இறுக்கினா குகையை வெளியிலிருந்து நாமே நசுக்கறோம். முன்கைப் பட்டையை முதல்ல போட்டு, உள்ளங்கைப் பட்டையை அடுத்து, நடுப் பட்டையைக் கடைசியாச் சும்மா ஒட்டினாப் போதும்.

இரவுப்பணி (செவிலியர்)

அளவெடுக்கறதைச் சாயங்காலம் செய்யுங்க. காலையில் எடுத்த அளவு ராத்திரிக்குப் பத்தாது. ரெண்டு அளவுக்கு நடுவில் இருந்தா பெரியதுதான்.

வாங்கப் போற வரைக்கும் ஒரு ராத்திரி, ரெண்டு ராத்திரி ஓட்டணும்னா: கனமில்லாத பழைய வார இதழ் ஒண்ணை விரிச்சு, உள்ளே மெல்லிய துண்டு வச்சு, உள்ளங்கை நடுவிலிருந்து முன்கை பாதி வரைக்கும் குழாய் மாதிரி சுத்தி, மேலே கிரேப் பேண்டேஜைத் தளர்வாச் சுத்துங்க. மணிக்கட்டு மடங்காது. அவ்வளவுதான் வேணும். வெறும் கிரேப் பேண்டேஜை மட்டும் இறுக்கிச் சுத்தறதுதான் கூடாதது. அது மடங்கறதையும் தடுக்காது, வீக்கத்தையும் விரலுக்குத் தள்ளும்.

சின்னமணி

பகல்லயும் போடணுமா? எவ்வளவு நாளில் தெரியும்?

வெண்பலகை

படுக்கப் போகும்போது கட்டாயம், மத்தியானத் தூக்கத்துக்கும்தான். பகல்ல நாள் முழுக்கப் போட்டா மணிக்கட்டு இறுகும், தோள் வலிக்கும். வண்டி ஓட்டும்போது, ரொம்ப நேரம் டைப் பண்ணும்போது மாதிரி, எந்த வேலையில் மரக்குதோ அந்த வேலைக்கு மட்டும் போடலாம். தூக்கம் முதல் வாரத்திலேயே கொஞ்சம் சீராகும். முழுப் பலன் பார்க்க 6 வாரம் விடாமல் போடணும். மூணு நாள் போட்டுட்டு "கேக்கலை"ன்னா அது போட்டதே இல்லை.

கைரேகை

ரெண்டு கையிலும் இருந்தால் ரெண்டிலும் போட முடியாதென்று அலுத்துக்கொள்வார்கள். போர்வை இழுக்கவும் ஆகாது, ராத்திரி நாலு முறை கழிப்பறைக்குப் போகும்போதும் கழட்ட வேண்டும். முதலில் மோசமான கைக்குப் போடுங்கள். பாதி ராத்திரி எழுந்தால் திரும்ப மாட்டிக்கொண்டு படுங்கள், அங்கேதான் பலர் விட்டுவிடுகிறார்கள்.

இரவுப்பணி

படுக்கிற விதமும் முக்கியம். 28 வாரத்துக்கு மேல ஒருக்களிச்சுத்தான் படுக்கச் சொல்றோம். ஒருக்களிச்சா கீழே இருக்கற கை கன்னத்துக்கு அடியில் போயிடும், அல்லது தலையணைக்கு அடியில் மடங்கிடும். கீழ்க் கையை முன்னாடி நீட்டி, உள்ளங்கை பக்கவாட்டில் இருக்கற மாதிரி வைங்க. மார்புக்கு முன்னாடி ஒரு தலையணை போட்டு மேல் கையை முழங்கையிலிருந்து விரல் நுனி வரைக்கும் அதன் மேல் சாய்ங்க. கை தலையணை விளிம்பில் தொங்கினா மணிக்கட்டு மடங்கிடும், அதனால் நீளமான தலையணை நல்லது. மரத்து எழுந்தா எழுந்து உட்கார்ந்து கையைத் தொங்கவிட்டு உதறுங்க. படுத்துக்கிட்டே தேய்ச்சா ரொம்ப நேரம் ஆகும்.

அப்புறம் மோதிரம். ஆறாம் மாசமே கழட்டி வச்சிடுங்க, மெட்டியும்தான். மாட்டிக்கிச்சுன்னா கையை நெஞ்சுக்கு மேல 10 நிமிஷம் தூக்கி வச்சு, குளிர்ந்த தண்ணியில் முக்கி, சோப்புப் போட்டு முயற்சி பண்ணுங்க. வரலைன்னா பட்டு நூல் முறை: ஒரு முழத்துக்கும் மேல நூல் எடுத்து, ஒரு நுனியை மோதிரத்துக்கு அடியில் உள்ளங்கைப் பக்கம் நுழைச்சு விடுங்க. மீதி நூலை மோதிரத்தை ஒட்டினாற்போல விரல்மேல நெருக்கமா, இடைவெளி விடாம, கணுவைத் தாண்டற வரைக்கும் சுத்துங்க. இப்ப அடியில் நுழைச்ச நுனியைப் பிடிச்சு விரல் நுனிப் பக்கமா சுத்திச் சுத்திப் பிரிங்க. நூல் பிரியப் பிரிய மோதிரம் கணு மேல ஏறி வரும். விரல் நீலம் பாரிச்சா நூலோட விளையாட வேண்டாம். அவசரப் பிரிவில் வெட்டித் தருவாங்க. தங்கத்தை ஆசாரி ஒட்டிடுவார்.

பூவேலி

வளைகாப்பு வளையல்? எங்க பக்கம் பிரசவத்துக்குப் போற வரைக்கும் கழட்டக் கூடாதும்பாங்க. வளையல் மேல ஸ்ப்ளிண்ட் உட்காராதே.

இரவுப்பணி

வளையலை ஒரு அளவு பெருசா வாங்கச் சொல்றதுதான் வழி. வழக்கமா ரெண்டு-நாலு போடறவங்க ரெண்டு-ஆறு வாங்கட்டும். வீங்கின கையிலும் ராத்திரி கழட்டி, காலையில் போடலாம். ஏற்கெனவே இறுகிப் போயிருந்தா கையில் பிளாஸ்டிக் கவரைப் போட்டு அதன் மேல் எண்ணெய் தடவி உருவுங்க. வளையல் கடைக்காரர் போட்டுவிடற அதே வித்தைதான். வீட்டுப் பெரியவங்க ஒத்துக்கலைன்னா ஒரு கையில் ரெண்டே ரெண்டு வச்சுக்கிட்டு, மரப்பு அதிகமான கையைக் காலி பண்ணிடுங்க. வளையல் மரப்புக்குக் காரணம் இல்லை, ஆனா வளையல் மேல ஸ்ப்ளிண்ட் பட்டையை இழுத்துக் கட்டினா கண்ணாடி நேரா குகை மேல அழுந்தும்.

சுக்குக்காப்பி

எல்லாரும் பட்டை பட்டைன்னு சொல்றீங்க. நீர் கோர்த்ததுதானே மூலம்? பார்லித் தண்ணி, உப்பைக் குறைக்கறது, தண்ணியைக் குறைக்கறது, இதையெல்லாம் விட்டுட்டீங்களே. நெருஞ்சில் கஷாயம் கால் வீக்கத்துக்குக் கைகண்டது.

தாய்சேய் (மகப்பேறு மருத்துவர்)

பார்லித் தண்ணீர் குடிக்கலாம், தாகம் தீரும். குகைக்குள் ஊறிய உறையை அது வற்றச் செய்யும் என்று நம்பி ஸ்ப்ளிண்ட்டைத் தள்ளிப்போட வேண்டாம். தண்ணீரைக் குறைப்பது தவறு. கர்ப்பத்தில் உடல் நீரைப் பிடித்து வைப்பது இயல்பான மாற்றம், குடிப்பதைக் குறைத்தால் வீக்கம் குறையாது. சிறுநீர்த் தொற்றும் மலச்சிக்கலும்தான் வரும். உப்பை அடியோடு நிறுத்துவதாலும் பலனில்லை. ஊறுகாய், அப்பளம், கருவாடு, பாக்கெட் நொறுக்குகளை அளவாக வைத்தால் போதும். நீர் பிரிய வைக்கும் மாத்திரையை இதற்காக யாரும் எழுதக் கூடாது. நெருஞ்சிலும் அதே வேலைக்குத்தான் குடிக்கப்படுகிறது, கர்ப்பத்தில் தானாக ஆரம்பிக்காதீர்கள்.

"நீர் கோர்த்தது" என்று எல்லாவற்றையும் விட்டுவிடவும் கூடாது. கை மரப்போடு முகமும் கையும் திடீரென்று இரண்டொரு நாளில் ஊதினால், விடாத தலைவலி, கண்ணில் பூச்சி பறத்தல், மேல் வயிற்றில் வலது பக்க வலி இருந்தால், அன்றே ரத்த அழுத்தம் பார்க்க வேண்டும். 140/90 தொட்டால் சிறுநீரில் புரதமும் பார்க்க வேண்டும். இந்த நிலையில் கைக்கு வைத்தியம் இரண்டாவது.

மரப்போடு வருபவர்களுக்குத் தைராய்டு, சர்க்கரை இரண்டும் பார்க்கப்பட்டிருக்கிறதா என்று கார்டைப் புரட்டிப் பார்ப்பேன். தைராய்டு குறைவிலும் சர்க்கரை நோயிலும் இந்த நரம்பு எளிதில் நசுங்கும். 75 கிராம் குளுக்கோஸ் குடித்து 2 மணி நேரம் கழித்துப் பார்க்கும் சோதனையில் 140-ம் அதற்கு மேலும் வந்தால் கர்ப்பகாலச் சர்க்கரை. ஐந்தாம் மாதம் சரியாக இருந்தது என்பதற்காக எட்டாம் மாதமும் சரி என்று எடுத்துக்கொள்ள முடியாது.

சுக்குக்காப்பி

சரி, கஷாயத்தை வாபஸ் வாங்கிக்கறேன். வைட்டமின் பி6? அது நரம்புக்குத்தானே?

மருந்துச்சீட்டு (மருந்தாளுநர்)

இந்த இழையிலேயே கவனமாகப் படிக்க வேண்டிய இடம் இதுதான்.

பி6, அதாவது பைரிடாக்சின், கார்ப்பல் டனலுக்குப் பலன் தரும் என்பதற்கு உறுதியான ஆதாரம் இல்லை. வாந்திக்காக டாக்சிலமினோடு 10 மி.கி. அளவில் கொடுப்பது வேறு விஷயம், அதை நிறுத்த வேண்டாம். ஆனால் நாளுக்கு 100 மி.கி. போன்ற அளவில் மாதக்கணக்கில் எடுத்தால் பி6-ஏ நரம்பைக் கெடுத்துக் கை கால் மரப்பைத் தரும். மரப்புக்கு எடுத்த மாத்திரையே மரப்புக்குக் காரணமாகிவிடும்.

"நரம்புச் சத்து மாத்திரை கொடுங்க" என்று கவுண்டரில் கேட்டால் கிடைக்கும் அட்டைகளில் பலவற்றில் மெத்தில்கோபாலமினோடு (பி12) பிரிகாபலினோ கேபாபென்டினோ கலந்திருக்கும். இவை இரண்டும் நரம்பு வலிக்கான மருந்துகள், சத்து மாத்திரைகள் அல்ல. கர்ப்பத்தில் மருத்துவர் எழுதாமல் தொடவே கூடாது. அட்டையின் பின்பக்கம் சின்ன எழுத்தில் கலவை இருக்கும், அதைப் படியுங்கள்.

வலி மாத்திரைகளில் ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபினாக், அசிக்ளோஃபினாக், நாப்ராக்சென் எதுவும் வேண்டாம். 20 வாரத்துக்குப் பிறகு இவை குழந்தையின் சிறுநீரகத்தைப் பாதித்துப் பனிக்குட நீரைக் குறைக்கலாம் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 2020-ல் எச்சரித்தது. 30 வாரத்தை ஒட்டிக் குழந்தையின் இதயத்தருகே உள்ள ரத்தக்குழாய் முன்கூட்டியே மூடும் அபாயமும் உண்டு. களிம்புதானே என்று டைக்ளோஃபினாக் ஜெல்லை மூன்று வேளை தேய்ப்பதும் வேண்டாம், கடைசி மூன்று மாதத்தில் அதுவும் கூடாது. சாலிசிலேட் கலந்த தைலங்களையும் தள்ளி வையுங்கள்.

ஒரு விதிவிலக்கு: ரத்த அழுத்தச் சிக்கலைத் தடுக்க மருத்துவர் குறைந்த அளவு ஆஸ்பிரின் எழுதியிருந்தால், மேலே உள்ளதைப் படித்துவிட்டு அதை நிறுத்திவிடாதீர்கள். அது வேறு கணக்கு.

வலி தாங்காதபோது பாராசிட்டமால் 500 மி.கி., மருத்துவர் சொன்ன இடைவெளியில். ஆனால் அது வலிக்குத்தான். மரப்பைத் தொடாது.

சின்னமணி

எண்ணெய் தேய்ச்சு நீவறது? ஒத்தடம்?

வெண்பலகை

நீவலாம், மணிக்கட்டு ரேகையை விட்டுடுங்க. விரல் நுனியிலிருந்து முழங்கைப் பக்கமா, கையைத் தூக்கி வச்சுக்கிட்டு, தோல் நகர்ற அளவுக்கு மட்டும் அழுத்தம். குகை மேல கட்டைவிரலால் அமுக்கி உருவறதும் மணிக்கட்டைச் சொடக்கு எடுக்கறதும் நசுங்கற நரம்பை இன்னும் நசுக்கற வேலை.

ஐஸ் கட்டியைத் துணியில் சுத்தி 10 நிமிஷம், படுக்கறதுக்கு முன்னாடி. வெந்நீர் சிலருக்கு இதமா இருக்கும், ஆனா சூடு மட்டும்னா வீக்கம் கூடலாம். மரத்த விரலுக்குச் சூடு சரியாத் தெரியாது, அதனால் தண்ணியை முழங்கையால் தொட்டுப் பார்த்துட்டுக் கையை விடுங்க.

பயிற்சின்னா விரல் தசைநாண் ஓட்டம். நேரா நீட்டின விரல், அப்புறம் கொக்கி (நுனிக் கணுக்கள் மட்டும் மடங்கும்), முழு முஷ்டி, மேஜை வடிவம் (அடிக்கணுவில் மட்டும் மடக்கி விரல்கள் நேராக), கடைசியா நுனி நேராக உள்ளங்கை அடியைத் தொடற தட்டை முஷ்டி. ஒவ்வொண்ணும் 5 வினாடி, சுற்றுக்கு 5 தடவை, நாளைக்கு மூணு சுற்று. மணிக்கட்டு எப்பவும் நேரா.

கைரேகை

இங்கே ஒரு மாற்றுக் கருத்து. இணையத்தில் சுற்றும் "கும்பிடும் நீட்சி", அதாவது உள்ளங்கைகளைச் சேர்த்துக் கீழே தள்ளுவது, மணிக்கட்டைப் பின்னால் வளைக்கிறது. மேலே சொன்ன 110 ஞாபகம் இருக்கட்டும். அந்த நீட்சியை நான் கர்ப்பிணிகளுக்குச் சொல்வதில்லை. நரம்பை மெல்ல முன்னும் பின்னும் நகரவிடும் 'நரம்பு நழுவல்' பயிற்சியும் மரப்பு அதிகமாகாத அளவுக்குத்தான். முடித்து ஒரு மணி நேரம் கழித்தும் எரிச்சல் இருந்தால் செய்தது அதிகம்.

வெண்பலகை

அதை ஒத்துக்கறேன். கர்ப்பகால யோகாவில் நாலு காலில் நின்று முதுகை வளைக்கற ஆசனமும் அதே கணக்குத்தான், உடம்பு எடை முழுக்கப் பின்னால் வளைஞ்ச மணிக்கட்டில் இறங்குது. முஷ்டி மேல ஊன்றலாம், இல்லைன்னா முன்கையைத் தலையணை மேல வச்சுச் செய்யலாம். ஆசனத்தை விட வேண்டியதில்லை.

பூவேலி

சமையலறைப் பக்கம் யாரும் வரலையே. கையில் ஸ்ப்ளிண்ட்டோட மாவு பிசைய முடியுமா?

வெண்பலகை

பிசையற வேலையை முதல்ல வேற யார்கிட்டயாவது கொடுங்க. சப்பாத்தி மாவு, தேங்காய்ப்பால் பிழியறது, முறுக்கு உழக்கு அழுத்தறது, ஈரத்துணி முறுக்கறது, இந்த நாலுக்கும் பொதுவானது இறுக்கிப் பிடிச்சுக்கிட்டே மணிக்கட்டைத் திருப்பறது. இறுக்கற பிடிதான் தசைநாண்களை நரம்பு மேல இழுக்குது. தேங்காய்ப்பாலை வடிகட்டியில் கரண்டியால் அழுத்தி எடுக்கலாம், துணியைக் குழாயில் மடிச்சுப் போட்டு வடிய விடலாம்.

அருவாமனையில் காயை ரெண்டு கையாலும் தள்ளறதால் கத்தியைவிடப் பிடி லேசு. ஆனா மரத்த விரல் அலகு பக்கம் எங்கே இருக்குன்னு தெரியாது. மரப்பு இருக்கும்போது அருவாமனை வேண்டாம். கத்திக் கைப்பிடியில் பழைய துணியைச் சுத்தித் தடிமனாக்கினா பிடி குறையும், அது காய்க்குப் போதும். குக்கரை ஒத்தைக் கையால் கைப்பிடியில் தூக்காதீங்க. ரெண்டு கையும் அடியில் துணியோட. சூடான டம்ளர், எண்ணெய்ச் சட்டி ரெண்டும் கை நழுவற நேரத்தில் ஆபத்தானவை. காலையில் எழுந்து முதல் அரை மணிக்குப் பால் காய்ச்சற வேலையை மத்தவங்க பார்க்கட்டும்.

இரவுப்பணி

தென்காசி, திருநெல்வேலிப் பக்கத்தில் பீடி சுத்தற பெண்களைச் சேர்த்துக்கோங்க. மதுரையில் பூக்கட்டறவங்க, திருப்பூரில் துணி பிசிறு வெட்டறவங்களும் அப்படித்தான். மூணு வேலையிலும் கட்டைவிரலும் ஆள்காட்டியும் கிள்ளிப் பிடிச்சபடி மணி நேரக் கணக்கில் இருக்கும். வேலையை விடச் சொன்னா நடக்காது. 20 நிமிஷத்துக்கு ஒருமுறை கையைக் கீழே தொங்கவிட்டு முஷ்டி திறந்து மூடி 10 தடவை, முன்கையைத் தொடை மேல வச்ச தலையணையில் தாங்கி வேலை, இது ரெண்டும் நடக்கும். கத்திரிக்கோல் மொண்டையா இருந்தா பிடி இரட்டிப்பாகும், தீட்டி வாங்குங்க. பீடி இலையும் தூளும் வேற காரணத்துக்கும் கர்ப்பத்தில் ஆகாது, புகையிலையோட நிக்கோடின் தோல் வழியா ஏறும். முடிஞ்சா அந்த மாசங்களில் வேற வேலை கேளுங்க.

போனை மறந்துட்டோம். படுத்துக்கிட்டு மூஞ்சிக்கு மேல தூக்கிப் பிடிச்சு ஒரு மணி நேரம் தள்ளிக்கிட்டே இருந்துட்டு, அதே கையோட தூங்கினா ரெண்டு மணிக்கு எழுப்பாம என்ன செய்யும்? தலையணையில் சாய்ச்சு வச்சு ஆள்காட்டி விரலால் தொடுங்க.

சின்னமணி

எல்லாம் செஞ்சும் குறையலைன்னா? பிரசவம் வரைக்கும் பொறுக்கலாமா, எப்ப டாக்டரிடம் போகணும்?

கைரேகை

வந்து வந்து போகும் மரப்புக்குப் பொறுக்கலாம். வந்தது போகாமல் நாள் முழுக்க நின்றுவிட்டால் பொறுக்கக் கூடாது. பெருவிரல் அடிச்சதையை இரண்டு கையிலும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், ஒன்று தட்டையாகத் தெரிந்தால் தசை வற்றத் தொடங்கியிருக்கிறது. உள்ளங்கையை மேலே பார்க்க வைத்து, பெருவிரலைக் கூரையை நோக்கித் தூக்கச் சொல்லி, அதை ஒருவர் கீழே அழுத்தினால் எதிர்க்க முடியாமல் சரிந்தால் அதுவும் அறிகுறிதான். ஊக்கு மாட்ட முடியவில்லை, நாணயத்தைப் பொறுக்க முடியவில்லை என்பவையும் சேரும்.

அந்த நிலையில் நரம்புக் கடத்தல் சோதனை செய்யலாம், கர்ப்பத்தில் ஆபத்தில்லை. அடுத்த படி குகைக்குள் ஸ்டீராய்டு ஊசி. மருந்து அந்த இடத்திலேயே பெரும்பாலும் வேலை செய்வதால், ஸ்ப்ளிண்ட் பலன் தராதவர்களுக்குக் கர்ப்பத்திலும் போடுகிறோம். சர்க்கரை உள்ளவர்களுக்குச் சில நாள் அளவு ஏறும், மகப்பேறு மருத்துவருக்குச் சொல்லிவிட்டுத்தான். ஊசி ஏறும்போது விரலுக்குள் கரண்ட் பாய்ந்தால் உடனே சொல்ல வேண்டும், ஊசியை நகர்த்துவார்கள். அறுவை அபூர்வம். தேவைப்பட்டால் அந்த இடத்தை மட்டும் மரக்கடித்துச் செய்யலாம், முழு மயக்கம் வேண்டாம்.

தாய்சேய்

பிரசவ அறைக்குள் நுழையும்போதே சொல்ல வேண்டியது: ட்ரிப்ஸ் ஊசியை மணிக்கட்டு மடிப்பில் குத்த வேண்டாம், புறங்கையிலோ முன்கையிலோ போடச் சொல்லுங்கள். முக்கும்போது கட்டில் கம்பியை மணிக்கட்டு மடங்கப் பிடிக்காமல், துண்டை மடித்துப் பிடித்து இழுக்கலாம்.

பிரசவம் முடிந்த மறுநாளே விரல் தெளியும் என்று எதிர்பார்க்க வேண்டாம். ஏற்றிய திரவத்தால் முதல் வாரத்தில் வீக்கம் கூடவும் செய்யும். பெரும்பாலோருக்குச் சில வாரம் முதல் மூன்று மாதத்துக்குள் குறைகிறது. ஒரு பகுதியினருக்கு ஒரு வருடம் தாண்டியும் நிற்கிறது, குறிப்பாக மரப்பு கர்ப்பத்தின் முதல் மூன்று மாதத்திலேயே தொடங்கியவர்களுக்கு. எட்டாம் மாதம் தொடங்கியது பெரும்பாலும் சீக்கிரம் போகும்.

வெண்பலகை

பால் கொடுக்கற விதம் மணிக்கட்டை மறுபடி மடக்கும். குழந்தை தலையை உள்ளங்கையில் ஏந்தி, கையை வளைச்சு வச்சுக்கிட்டு அரை மணி நேரம். தலையை முழங்கை மடிப்பில் வைங்க, முன்கைக்கு அடியில் தலையணை. ராத்திரிக்கு ஒருக்களிச்சுப் படுத்துக் கொடுக்கறதுதான் கைக்கு நிம்மதி. குழந்தையை அக்குளுக்கு அடியில் ரெண்டு பெருவிரலும் விரிய அள்ளித் தூக்காதீங்க. அப்படித் தூக்கித் தூக்கிப் பெருவிரல் பக்கத்து மணிக்கட்டு எலும்பு மேல வலி வந்தா அது டி கெர்வேன் (பெருவிரல் தசைநாண் உறை வீங்கற நோய்), கார்ப்பல் டனல் இல்லை. அதில் மரப்பு இருக்காது. அதுக்குத்தான் பெருவிரலையும் சேர்த்துக் கட்டற ஸ்ப்ளிண்ட். ஒருத்தருக்கு ரெண்டும் சேர்ந்தே வரலாம், அப்ப ஸ்ப்ளிண்ட்டை மாத்தணும்.

சின்னமணி

கடைசியா ஒரு சின்னக் கேள்வி. இந்த வெயிலுக்கு ஸ்ப்ளிண்ட் உள்ளே வேர்த்து, கை முழுக்க வேர்க்குரு. அதனாலதான் பலர் கழட்டறாங்க.

இரவுப்பணி

பழைய காட்டன் சாக்ஸ் நீளமானது ஒண்ணு எடுத்து, கால்விரல் நுனியை வெட்டிடுங்க. குதிகால் மடிப்பில் பெருவிரலுக்கு ஒரு ஓட்டை. அதைக் கையில் மாட்டி மேலே ஸ்ப்ளிண்ட். சாக்ஸ் ரப்பர் இறுக்கமா இருந்தா அந்த வளையத்தையும் வெட்டிடணும். மூணு ஜோடி வச்சுக்கிட்டு தினம் மாத்துங்க. ஸ்ப்ளிண்ட்டை வாரம் ஒருமுறை தகட்டை உருவிட்டு, வெல்க்ரோவை மூடி ஒட்டிட்டு, சோப்புத் தண்ணியில் கையால் கசக்கி நிழலில் காயவைங்க. காலையிலேயே துவைச்சாத்தான் ராத்திரிக்குள்ள காயும். தகட்டைத் திரும்பச் செருகும்போது தலைகீழாப் போயிடுது, உள்ளங்கை மேடு விரல் பக்கம் இருக்கான்னு ஒரு தடவை பார்த்துக்கோங்க.